போறணைக்கு மேலே கட்டிய கொடி

அந்தச் சிப்பாய் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். என் தகரப்பெட்டியைத் திறந்து மூடினான். தலையணையைத் தட்டினான். பிறகு படுக்கை விரிப்பை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். நுனி மெல்ல அவன் மூக்குக்குப் போயிற்று.

“பாண் கொஹேத?” என்றான். பாண் எங்கே?

வெள்ளவத்தை லொட்ஜ்களில் விடிகாலைச் சோதனை அந்த நாட்களில் அடிக்கடி நடக்கும். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்தபடி நடையில் வரிசையாக நிற்போம். ஏன் வந்தாய், எப்போது போவாய், யார் செலவுக்கு அனுப்புகிறார்கள்: எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் பாடமாக்கிய விடை இருந்தது. பாண் எங்கே என்பதற்கு மட்டும் இல்லை.

“நே மாத்தயா” என்றேன். இல்லை ஐயா. உண்மையாகவே இல்லை.

அவன் விரிப்பை உதறினான். ஒரு பாண் துணிக்கையும் விழவில்லை. அவன் முகத்திலிருந்து சந்தேகம் போய் வேறேதோ வந்தது. அவனும் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். இன்னொரு தடவை முகர்ந்தான். பிறகு விரிப்பை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனான். சோதனைக்கு வந்த ஒருவன் எதையும் மடித்து வைத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

அவன் தலை மறைந்ததும் என் அறைத்தோழன் சிவபாலன் திரும்பினான். கனடா விசாவுக்குக் காத்திருந்த எஞ்சினியர். காத்திருந்து காத்திருந்து துப்பறிபவனாகவும் ஆகியிருந்தான்.

“நானும் ரெண்டு நாளாச் சொல்லுறன், நீ பாணை ஒளிச்சுவைச்சுத் திண்டிட்டுப் படுக்கிறாய் எண்டு. இப்ப ஆமிக்காரனே பிடிச்சிட்டான்.”

“உன்ரை பெட்சீற்றையும் ஒருக்கா மணந்து பார்” என்றேன்.

மணந்து பார்த்தான். அவன் கட்டிலிலும் யாரோ பாண் சுட்டிருந்தார்கள்.

புரியாத மழை

இந்தத் தொடரில் லொட்ஜைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதன் மணங்களைத் தள்ளியே வைத்திருந்தேன். ஒன்றைத் தொட்டால் மற்றவையும் சேர்ந்து எழும்பி வந்துவிடும். மண்ணெண்ணெய் அடுப்பு, தலையில் தேய்த்த தைலம், ஜன்னல் கம்பியில் ஒட்டிய கடலுப்பு, தபாலை எதிர்பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன பொறுமை. இவை எல்லாவற்றுக்கும் அடியில், அந்த வருடங்களில், காயாத துணியின் மக்கல் மணம்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மழை ஒரு பருவத்து விருந்தாளி. ஐப்பசியில் வரும், தைக்குள் போய்விடும். மிச்ச மாதங்களில் வெயிலைக் கொண்டு எதையும் செய்யலாம். கொழும்புக்கு வந்த முதல் வைகாசியில் நான் சட்டைகளைத் துவைத்து மொட்டைமாடியில் போட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன். என்னைப்போலவே அந்த மாடியில் இருபது முப்பது யாழ்ப்பாணத்துச் சட்டைகள். வைகாசியில் யாராவது மழையை நினைப்பார்களா? பின்னேரம் வந்து பார்த்தால் எல்லாம் நனைந்து, ஒரே கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் ஆட்கள் கொழும்பு மழையையும் சிங்களத்தைப் போலவே எதிர்கொண்டார்கள். புரியவில்லை, தலையாட்டினார்கள்.

ஆனால் கொழும்பு மழைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. வைகாசியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, தை மாசி உலர்ந்த காலம். அந்த ஒழுங்கை நம்பித் தொழில் செய்தவர்களுக்குத்தான் அது குலையத் தொடங்கியது முதலில் தெரிந்தது. ஒரு வருடம் வானம் பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டில் கொழும்பே முறை வைத்து இருட்டில் இருந்தது. வெள்ளவத்தைக் கால்வாய் கூழாகிக் கிடந்தது. அதற்குப் பின் வந்த ஒரு தை மாதம் முழுக்க, உலர்ந்திருக்க வேண்டிய மாதம் முழுக்க, மழை.

காலநிலை மாற்றம் என்ற சொல் அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அது வருவதற்கு முன்பே ஈரத்துணி வந்துவிட்டது.

பாக்கியம்

எங்கள் லொட்ஜின் துணி வெளுத்தவள் பாக்கியம். கொட்டாஞ்சேனையில் வரிசையாகக் கட்டிய லயத்து அறை ஒன்றில் பிறந்து, வெள்ளவத்தைக் கால்வாய்க் கரைக்குக் கலியாணம் முடித்து வந்தவள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. கணவன் முனியாண்டி சிரட்டைக்கரிப் பெட்டியால் ஸ்திரிக்கை போடுவான். இரண்டு பேருடைய பிழைப்பும் பெரும்பாலும் எங்கள் லொட்ஜின் விரிப்புகளில்தான் ஓடியது. அறைகள் நிரம்பி வழிந்த காலம். வாரம் தவறாமல் ஒரு மலை அளவு வெள்ளை.

அந்தத் தை மழையில் அவள் கொண்டுவந்த விரிப்புகள் ஈரமாக வந்தன. அடுத்த வாரம் ஈரமும் பூஞ்சணப் புள்ளியுமாக வந்தன. லொட்ஜ் மனேஜர் நடராசா அண்ணர் பொல்லாதவர் அல்ல, ஆனால் மூக்கு உள்ளவர். இன்னொருமுறை இப்படி வந்தால் காலி வீதியில் புதிதாகத் திறந்திருக்கும் மெஷின் லோன்றிக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

லொட்ஜ் போனால் பாக்கியம் குவைத்துக்குப் போக வேண்டும். அங்கே வீட்டு வேலையில் இருந்த அவளுடைய தங்கை, ஏஜென்சிக்கு ஏற்கனவே பெயர் சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் படமும் எடுத்தாயிற்று. அதை ஒருநாள் எனக்குக் காட்டினாள்.

“பாருங்க தம்பி, பொணத்துக்குப் பொட்டு வச்சாப்ல இருக்கேன். போகாமலே இப்படின்னா போனா எப்படி இருப்பேன்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். படத்தை மட்டும் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் விரிப்புகள் மொறுமொறுவென்று காய்ந்து, பாண் மணத்தோடு வந்தன. வெளியே மழை நிற்கவே இல்லை.

மணம் போன வழி

எனக்கு அப்போது ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு போனால் போதும். காலைகள் முழுக்க என்னுடையவை, கேள்வி ஒன்று கிடைத்துவிட்டால் அதனுடையவை. மூட்டையோடு பாக்கியம் போன திசையில் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவள் கால்வாயில் தோய்த்து முறுக்கிய துணியோடு வீட்டுக்குப் போகவில்லை. குறுகிய ஒழுங்கைத் தெருவால் திரும்பி, பேக்கரி ஒன்றின் பின்வாசலில் நுழைந்தாள். தெற்கே காலியிலிருந்து வந்து குடியேறிய சுமனதாச முதலாளியின் பேக்கரி. காலைப் பாண் விற்று முடிந்து கடை ஓய்ந்திருந்தது.

வாசலில் தயங்கி நின்ற என்னை மேலேயிருந்து ஒரு குரல் பிடித்தது.

“என்னா தம்பி, மோப்பம் புடிச்சுக்கிட்டே வந்துட்டீங்களா? ஏறி வாங்க, ஏணியில மூணாவது படி இல்ல, பாத்து.”

ஏறினேன். கீழே செங்கல்லில் குவிமாடம் போலக் கட்டிய, பாண் சுடும் போறணை. அதற்கும் ஓட்டுக் கூரைக்கும் நடுவே பலகை அடித்த ஒரு பரண். பாதியில் றப்பர் விறகு அடுக்கியிருந்தது. மறுபாதியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி எங்கள் லொட்ஜ் தொங்கியது. சிவபாலன், நான், மேல்மாடி பென்சன்காரர், பிரான்சுக்குப் போக நிற்கும் குடும்பம், எல்லோரும் அந்த அரையிருட்டில் வெள்ளை வெள்ளையாக அசையாமல் நின்றோம். காற்று இல்லை. வெப்பம் மட்டும் கீழிருந்து மேலே, ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் விடும் மூச்சைப் போல வந்துகொண்டிருந்தது. ஓட்டின் மேல் மழை. ஒரு முழத்துக்கு அப்பால் மழை, ஒரு முழத்துக்கு இப்பால் சித்திரை மாதம்.

எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவள் துணியை உதறிப் போட்டபடியே சொன்னாள். மழையில் சிரட்டை நமுத்துப்போய் ஸ்திரிக்கைப் பெட்டி மூளவில்லை. தணல் கேட்டு இங்கே வந்தாள். முதலாளிக்கும் அதே மழை, விறகு நனைந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். காய்ந்த விறகு பரணில் கிடப்பதாகவும் இறக்கித் தந்தால் தணல் தருவதாகவும் சொன்னார். ஏறி இறக்கினாள். இறங்கிய பிறகுதான் கவனித்தாளாம்: நனைந்து காலில் ஒட்டியிருந்த சேலைக்கரை காய்ந்து சரசரத்தது.

பரணில் துணி போடவா என்று கேட்டதும் அவர் “பிஸ்ஸுத நங்கி?” என்றாராம். பைத்தியமா தங்கச்சி என்று. பாக்கியம் விடவில்லை. பேக்கரி ஆட்களின் உடுப்பையெல்லாம் சும்மா வெளுத்துத் தருவதாகச் சொன்னாள். காலைப் பாண் இறங்கியதற்கும் மாலை மா பிசைவதற்கும் இடையில் போறணை சும்மாதானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அந்த மூச்சை மட்டும் தரச் சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார்.

எனக்கு ஒன்றின் பின் ஒன்றாகக் கேள்விகள். எந்த வரிசை முதலில் காயும்? விறகுப் பக்கமா, சுவர்ப் பக்கமா? புகை படியாதா? தடித்த விரிப்பை நடுவில் திருப்பிப் போட வேண்டுமா? எல்லாவற்றுக்கும் விடை சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒன்னு சொல்றேன், வெளிய விடாதீங்க. மாவ பிசைஞ்சு மூடி வைக்கிறாங்களே, அந்தத் துணி. அத இந்த வருசம் இல்ல தம்பி, கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து நான்தான் வெளுக்கிறேன்.”

“அதிலென்ன இருக்கு?” என்றேன்.

“ஒன்னும் இல்லதான்” என்றாள். “இல்லன்னு எல்லாரும் சொல்லணுமே.”

சாப்பாட்டு மேசையில்

சில வாரங்கள் லொட்ஜே அந்த மணத்தில் தூங்கியது. நள்ளிரவில் பசிக்கிறது என்று பென்சன்காரர் முறையிட்டார். பிரான்சுக்குப் போக நிற்கும் குடும்பத்துக் குழந்தை விரிப்பின் நுனியைச் சப்பியது. நடராசா அண்ணர் மெஷின் லோன்றியைப் பற்றிப் பேசுவதை விட்டார்.

அந்த நிம்மதியை உடைத்தவன் சிவபாலன். கெட்ட நோக்கம் ஒன்றுமில்லை. பரணைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு ஒரு எஞ்சினியருக்கு வரும் பரவசத்தில், காலைச் சாப்பாட்டில், கழிவு வெப்பத்தை ஒரு பெண் எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று முள்ளுக்கரண்டியால் மேசையில் படம் கீறி விளக்கினான். சுமனதாசவின் பாண்தான் எங்கள் மேசையிலும் இருந்தது.

மேசையின் மறு நுனியில் ஒருவர் கையிலிருந்த துண்டைப் பீங்கான் தட்டில் வைத்தார்.

“அப்ப எங்கடை ஊத்தைச் சீற் காயிற இடத்திலையோ பாணும் சுடுறாங்கள்?”

ஊத்தை இல்லை, தோய்த்தது என்றான் சிவபாலன்.

“தோய்ச்சது ஆர் எண்டும் இருக்கெல்லோ” என்றார் அவர். சாதிப் பெயரைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. பட்டர் பூசிய துண்டுகள் அங்குமிங்குமாகப் பீங்கான்களுக்குத் திரும்பின.

இதைப் பற்றிப் பல காலம் யோசித்திருக்கிறேன். விரிப்பில் பாண் மணந்தபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. பாணில் விரிப்பு மணக்குமோ என்ற நினைப்பு வந்ததும் பீங்கானைத் தள்ளிவைத்தார்கள். அதே பரண், அதே வெப்பம், அதே கை. மணம் ஒரு பக்கம் மட்டும்தான் போகலாம் என்று யார் சட்டம் போட்டது? விடியற்காலையில் எங்களை ஒரே வரிசையில் நிறுத்திய சிப்பாய்க்குக்கூட அந்த வரிசைக்குள் இன்னொரு வரிசை இருந்தது தெரியாது.

அன்று பின்னேரம் நடராசா அண்ணர் பாக்கியத்தைக் கூப்பிட்டார். நாங்கள் கொஞ்சப் பேர் விறாந்தையில் பத்திரிகை வாசிக்கிற மாதிரி நின்றோம். பேக்கரியில் துணி போடுவதை நிறுத்தும்படி சொன்னார். பிறகு எங்கே போடுவது என்று அவள் கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் மழை.

அவள் என்னைப் பார்த்தாள். மா மூடும் துணியின் கதை என் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதைச் சொன்னால் இவர்கள் இத்தனை வருடம் தின்றது எது என்று தெரிந்துவிடும், வாதம் முடிந்துவிடும். சுமனதாசவின் கடையும் முடிந்துவிடும். அவள் புருவம் அசைந்தது: வாயைத் திறக்காதே.

“ஐயா, பாண வேற கடையில வாங்கிக்கங்க” என்றாள். “பெட்சீட்டு அங்கயே காயட்டும். ரெண்டும் ஒன்ன ஒன்னு பாக்காது.”

மனேஜர் முகத்தில் மழை விட்டது. அதுதான் சரி, அதைச் செய்வோம் என்றார். பீங்கானில் பாணை வைத்த மனிதர், சீற்றில் பாண் மணக்குமே என்று இழுத்தார்.

“மணந்தாப் பாவமோ? பேசாமல் படுங்கோ” என்றார் நடராசா அண்ணர்.

செவ்வாய்க்கிழமைப் பணிஸ்

அவள் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள். ஆனால் பரண் அவளுடையதல்ல. லொட்ஜ் அங்கே பாண் வாங்குவதை நிறுத்தியதும், கதை பரவி ஒழுங்கையின் தமிழ் வீடுகளும் ஒன்றொன்றாகப் பாணை நிறுத்தின. தட்டுகளில் பாண் மிஞ்சியது. இனிப் பரணைத் தர முடியாது, தனக்கும் பிழைப்பு இருக்கிறது என்று சுமனதாச சொன்னபோது அவள் இரண்டு நாள் அவகாசம் மட்டும் கேட்டாள்.

கொட்டாஞ்சேனையில் அவளுடைய அண்ணன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். அண்ணி வேதக்காரி, செவ்வாய்க்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்றாள். செவ்வாய் என்றால் அங்கே எல்லா மதத்துச் சனமும் வரும். பூசை முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் பசி. பாக்கியம் முதலாளியிடம், மிஞ்சுகிற மாவில் கிம்புலா பணிஸ் போட்டுத் தரும்படி கேட்டாள். முதலை மாதிரி நீண்ட இனிப்பு ரொட்டி, மேலே சீனி ஒட்டியிருக்குமே, அது.

அங்கே என் கடையை யாருக்கும் தெரியாதே என்றாராம் அவர்.

“அதுதான் நல்லது முதலாளி” என்றாளாம் இவள்.

அந்த முதல் செவ்வாய் நானும் கூடப் போனேன். என்ன நடக்கும் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் பணிஸ் கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். கோயில் வாசலில் மெழுகு உருகும் மணம், மதிலுக்கு அப்பால் துறைமுகத்துக் கப்பல் ஒன்றின் நீண்ட ஊதல். அண்ணியின் மேசை ஓரத்தில் கூடையை வைத்து, அதன் மேல் தான் வெளுத்த ஒரு துணியை விரித்தாள். நீலம் போட்டு, போறணைச் சூட்டில் காய்ந்து, முனியாண்டி ஸ்திரிக்கை போட்ட துணி. அந்த மங்கல் வானத்தின் கீழே அது ஒரு ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல இருந்தது.

முதலில் வந்த பெண் பணிஸைப் பார்க்கவே இல்லை. துணியைத்தான் பார்த்தாள். “எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டே கைநீட்டினாள். அடுத்த பூசை மணி அடிக்கும் முன் கூடையின் அடி தெரிந்தது.

வெள்ளவத்தையில் பாணை நிறுத்தவைத்த அதே கை, கொட்டாஞ்சேனையில் பணிஸை விற்றுக்கொண்டிருந்தது. நான் கடைசிப் பணிஸைத் தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பணிஸ் விற்றதால் பரண் அவளிடமே இருந்தது. பிறகு செவ்வாய் மட்டுமல்ல, துறைமுக வாசலில் மற்ற நாட்களும் என்றாயிற்று. நடுவில் ஒரு கிழமை, மழைக்காலத்தின் நட்டநடுவே, யாரும் கேட்காத வெயில் அடித்தது. கால்வாய்க் கரையில் பாதித் துணியைத்தான் போட்டிருந்தாள். மிச்சம் எங்கே என்றேன். பரணில் என்றாள். வெயில் இன்றைக்கு வந்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டா வந்தது?

குவைத்திலிருந்து

தங்கை லொட்ஜ் தொலைபேசிக்குத்தான் எடுப்பாள். ஏஜென்சிக்காரன் முடிவு கேட்கிறான் என்று அன்று எடுத்தாள். பாக்கியம் மனேஜரின் மேசையருகே ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குவைத் தூரம் என்பதால் சத்தமாகவே பேசினாள். மறுமுனையும் சத்தமாகவே பேசியது. மழையில் கிடந்து சாகாதே, இங்கே வந்துவிடு என்று கெஞ்சியது மறுமுனை. இங்கே வருடம் முழுக்க வெயில், துணியைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்து கருவாடாகிவிடும் என்றது.

பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு வெயிலை அவள் கண்ணுக்குள் கொண்டுவந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு நாளும் பொய்க்காத வெயில். எந்தக் கொடியிலும், எந்த நேரத்திலும்.

“வெயிலு இருக்கு, சரிடி” என்றாள். “தொழிலு யாரோடது? அங்க நான் ஒரு வீட்டுத் துணிய காயப் போடுவேன். இங்க எனக்கு லொட்ஜு இருக்கு, பேக்கரி இருக்கு, செவ்வாக்கெழம இருக்கு. நான் வரலன்னு சொல்லிரு.”

மறுமுனை அழுததா, கோபித்ததா தெரியவில்லை. ரிசீவரை வைத்தாள். நடராசா அண்ணர் எழும்பிப் போய், மூலையில் கிடந்த விரிப்பு மூட்டையைத் தானே இழுத்துவந்து அவள் காலடியில் விட்டார்.

வெளியே வெயிலா மழையா என்று எட்டிப் பார்க்காமலே அவள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.